மணி அடிக்காது, தட்டவும்

உலகிலேயே வயதான திராட்சைக்கொடி
எங்கள் ஊரில்தான் என்று சொல்லிக்கொள்வார்கள்.
சுற்றுலா வந்தவர்கள் அதன்முன் நின்று படமெடுப்பார்கள்.
மாரிபோரில் போய் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லிப்பாருங்கள்,
உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை.
பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை.
பதினொரு வருடமாக முகக்கவசம்
என் வாசனையை எனக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தது
வேறு யாருக்கும் தராமல்.

டாக்டர் சீட்டில் எழுதித் தந்தார்:
சுகாதார நிலையம், புதன், ஏழு மணி.
எந்த மாடி என்று எழுத மறந்தாரா,
என் ஈரக்கை அழித்ததா, தெரியாது.
மூன்று புதன் அந்தச் சீட்டு கோட்டுப்பையில்
பழைய பேருந்துச் சீட்டுகளோடு கிடந்தது.
நான்காம் புதன் மழை. பாலத்தின்மேல் நடந்தேன்.
கீழே திராவா ஆறு
யார் வீட்டு விஷயத்திலும் தலையிடாமல்
போய்க்கொண்டிருந்தது.

முதல் மாடியில் ஓர் அறையில் வெளிச்சம்.
வட்டமாய் நாற்காலிகள்.
வட்டம் என்றால் இதுதான் என்று நானே முடிவுசெய்து
உட்கார்ந்தேன்.
சிவந்த மூக்கும் பெரிய கைகளுமாக ஒருவர்
என் பக்கம் திரும்பினார்:
“இந்தக் குளிர்காலத்தில் உங்களுக்கு எத்தனை போச்சு?”

எடுத்த எடுப்பிலேயே இப்படியா?
யோசித்து, “இரண்டு” என்றேன்.
கணவன் ஒன்று. ஓட்டுநர் உரிமம் ஒன்று.
அறை முழுக்க ‘ச்சு’ கொட்டியது.
“எனக்கு ஒன்பது” என்றார் மூக்குக்காரர்.
வாயடைத்துப்போனேன்.
இழப்பதற்கு ஒன்பது இருந்திருக்கிறதே
ஒரு மனிதனிடம்.
“உண்ணியாக இருக்கும். அடிப்பலகை போட்டு எண்ணினீர்களா?”

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்:
ராணித்தேனீயின் படம்,
முதுகில் நீலப் பொட்டு.

எழுந்து போகக் கூச்சம்.
ஒரு மணி இருபது நிமிடம்
சர்க்கரைப்பாகின் பதம் பற்றிக் கேட்டேன்.
குறிப்புகூட எடுத்தேன்.
நடுவில் தேன் பிராந்தி வந்தது, விரலளவுக் குவளைகளில்.
குடித்தேனா என்று கேட்காதீர்கள்.
குவளை என் கைக்கு வந்த வேகத்தை
எதிரில் இருந்த நெவென்கா பார்த்துவிட்டாள்.

கோட்டு மாட்டும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.
“உங்களிடம் தேனீ எதுவும் இல்லைதானே?”
இல்லை.
“கீழ்த்தளம். பக்கவாட்டுக் கதவு.
மணி அடிக்காது, தட்டணும். பலமாகத் தட்டணும்.”
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
அவள் குவளை
ஊற்றியபடியே ஜன்னல் விளிம்பில் இருந்தது.

அடுத்த புதன் தட்டினேன், நகத்தால்.
யாரும் திறக்கவில்லை.
அப்பாடா என்று வீட்டுக்குப் போனேன்.
அந்த இரவைப் பற்றி
அந்த அறையில் சொல்வேன், இங்கே இல்லை.

அதற்கடுத்த புதன், முட்டியால்.

பதினான்கு நாற்காலி, எட்டுப் பேர்.
ஈயத்தகடு மாதிரி ஒரு மேசை, மேலே கெட்டில்.
“ராடிவோய்” என்று ஒருவர் தொடங்கினார்.
முகம் புதிது. வாய் தெரிந்த வாய்.
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது:
போன மாதம் நான் மெருகேற்றிய மூடி.
அன்று அவர் மூச்சில் புதினா அடித்தது.
என் மூச்சிலும்தான்.
அவர் என் கண்களையே பார்த்தார்
எங்கோ பார்த்த கண்களைப் பார்ப்பதுபோல.

‘நல்லா அகலமாத் திறங்க’ என்பது
நாள் முழுக்க நான் அடுத்தவரிடம் சொல்லும் வாக்கியம்.
என் முறை வந்தது.
“ததேயா” என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.

யாரும் அவசரப்படுத்தவில்லை.
கெட்டில் கொதித்து அடங்கியது.
சர்க்கரை எத்தனை என்று யாரோ கேட்டார்கள்.

இரண்டு, என்றேன்.